எலும்பு கூடிய பிறகும் தோள்வலி தீரவில்லையா? நுண்துளை அறுவை சிகிச்சை பற்றி நாம் அறிய வேண்டியவை

இரு சக்கர வாகனத்தில் சறுக்கி விழுவது, குளியலறையில் வழுக்கி விழுவது, மாடிப்படியில் கால் தவறுவது என்று ஏதோ ஒரு வகையில் தோள் எலும்பு முறிந்துபோகிறது. சில வாரங்கள் கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு பொறுமையாக இருக்கிறோம். பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் டாக்டர், எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்கிறார். வீட்டில் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்கிறார்கள். ஆனால் வலி போகவில்லை. தக்பீர் கட்டக் கையைக் காது வரை கொண்டுபோக முடியவில்லை. சுஜூதில் உள்ளங்கையை ஊன்றினால் தோளில் சுரீர் என்கிறது. சட்டை போடவும், தலை வாரவும், அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் பாத்திரத்தை எடுக்கவும் இன்னொருவர் உதவி தேவைப்படுகிறது. இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் கலைந்துவிடுகிறது.

இந்த நிலையில் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "வயசாயிடுச்சு, நசீபு அவ்வளவுதான்" என்று வலியோடு வாழப் பழகிவிடுகிறார்கள். அல்லது, யாரோ சொன்னார்கள் என்று எண்ணெய்க் கட்டு, சூடு, சுளுக்கு எடுப்பது என்று மாதக்கணக்கில் அலைகிறார்கள். இரண்டிலும் காலம்தான் வீணாகிறது. சில தோள் பாதிப்புகளில் அந்தக் காலத்தைத் திரும்பப் பெற முடியாது. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். எனவே, எலும்பு கூடிய பின்னும் வலி ஏன் தொடர்கிறது, அதற்கு ஆர்த்ரோஸ்கோப்பி எனப்படும் நுண்துளை அறுவை சிகிச்சை யாருக்குப் பயன்படும், யாருக்குத் தேவையில்லை என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

தோள் மூட்டின் அமைப்பு

இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் உருண்டைத் தலை ஆழமான குழிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. தோளில் அப்படி இல்லை. மேற்கை எலும்பின் தலை பெரியது; அது பொருந்தி நிற்கும் குழியோ சிறியது, ஆழமற்றது. பள்ளி விளையாட்டு விழாவில் கரண்டியின் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு குழந்தைகள் ஓடுவார்களே, ஏறக்குறைய அப்படிப்பட்ட அமைப்பு இது. இதனால்தான் நம் உடலிலேயே அதிகமாக எல்லாத் திசையிலும் அசையக்கூடிய மூட்டாக அல்லாஹ் தோளை அமைத்திருக்கிறான்.

அந்த எலுமிச்சம்பழம் விழாமல் பிடித்துக்கொள்வது எலும்பு அல்ல, எலும்பைச் சுற்றியுள்ள மென்மையான பாகங்கள். குழியின் விளிம்பைச் சுற்றி ரப்பர் வாஷர் போல ஒரு வளையம் இருக்கிறது. மூட்டு முழுவதையும் பை போல ஓர் உறை மூடியிருக்கிறது. அதன் மேல் நான்கு தசைகளின் நாண்கள் ஒன்றாகச் சேர்ந்து எலும்பின் தலையைக் கைப்பிடி போலப் பற்றியிருக்கின்றன. இவற்றுக்கு ரொடேட்டர் கஃப் என்று பெயர். சுழல் தசைகள் என்று வைத்துக்கொள்வோம். இந்த நாண்களுக்கு மேலே, தோள்பட்டையின் உச்சி எலும்பு கூரை போல நிற்கிறது. கூரைக்கும் நாண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு சென்டிமீட்டர் அளவுதான்.

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். இந்த வளையமோ, உறையோ, நாண்களோ தெரியாது. "எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, வலி மட்டும் இருக்கிறது" என்ற புதிருக்குப் பெரும்பாலும் விடை இங்கேதான் இருக்கிறது. கீழே விழும்போது அடி எலும்புக்கு மட்டும் விழுவதில்லை. எலும்பு முறிவின் பரபரப்பில் மற்றக் காயங்கள் கவனிக்கப்படாமல் போய்விடுகின்றன.

வலி தொடர்வதற்கான காரணங்கள்

முதலாவது, மூட்டு இறுகிப்போவது. இதுதான் மிகவும் பரவலானது. அடிபட்ட மூட்டின் உறை வீங்கி, பிறகு தடித்துச் சுருங்குகிறது. கையைப் பல வாரங்கள் அசைக்காமல் வைத்திருந்தால் சுருக்கம் அதிகமாகிறது. கை மேலே போகாது, வெளிப்பக்கமாகத் திரும்பாது, முதுகுக்குப் பின்னால் எட்டாது. இன்னொருவர் தூக்கிவிட்டாலும் ஓர் அளவுக்கு மேல் போகாது என்பது இதன் முக்கிய அடையாளம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது அதிகமாக வருகிறது; குணமாகவும் கூடுதல் காலம் பிடிக்கிறது.

இரண்டாவது, சுழல் தசை நாண் கிழிவது. விழுந்த அன்றே நாண் கிழிந்திருக்கலாம். குறிப்பாக நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குத் தோள் மூட்டு விலகியிருந்தால் இந்தச் சந்தேகம் அவசியம் எழ வேண்டும். இதில் இன்னொருவர் தூக்கிவிட்டால் கை மேலே போகும். தானாகத் தூக்க மட்டும் பலம் இருக்காது. இரவு வலி அதிகமாக இருக்கும். கிழிந்த நாணை நீண்ட காலம் கவனிக்காமல் விட்டால் அதன் தசை மெலிந்து, கொழுப்பாக மாறிவிடும். அதன் பிறகு நாணைத் தைத்தாலும் பலம் திரும்புவது கடினம். நாம் மேலே, காலத்தைத் திரும்பப் பெற முடியாது என்று சொன்னது இதைத்தான்.

மூன்றாவது, எலும்பு இடம் மாறிக் கூடுவது. மேற்கை எலும்பின் தலையில் சுழல் தசைகள் ஒட்டும் மேடு ஒன்று உண்டு. அந்த மேடு முறிந்து, சில மில்லிமீட்டர் மேலே ஏறிய நிலையில் கூடிவிட்டால், கையைத் தூக்கும்போதெல்லாம் அது மேலே உள்ள கூரை எலும்பில் இடிக்கும். எலும்பு கூடியிருப்பது உண்மைதான். ஆனால் கூடியிருக்கும் இடம் சரியில்லை.

நான்காவது, குழியைச் சுற்றியுள்ள வளையம் கிழிவது. இது இளைஞர்களிடம் அதிகம். விளையாட்டிலோ விபத்திலோ மூட்டு விலகி, குழியின் விளிம்பு உடைந்திருந்தால் தோள் மறுபடி விலகிவிடுமோ என்ற பயம் கையை உயர்த்தும்போதெல்லாம் இருக்கும். அந்த வளையத்தின் மேற்பகுதியில் ஒட்டியிருக்கும் இருதலைத் தசையின் நாண் பாதிக்கப்பட்டாலும் தோளின் முன்பக்கம் வலிக்கும்.

ஐந்தாவது, உள்ளே வைத்த பிளேட்டும் ஸ்குரூவும். முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்து பிளேட் வைத்தவர்களுக்கு, பிளேட் சற்று உயரமாக இருந்து இடிக்கலாம். ஸ்குரூவின் முனை எலும்பைத் தாண்டி மூட்டுக்குள் எட்டிப் பார்க்கவும் கூடும். இப்படி இருந்தால் தாமதிக்கக் கூடாது. அது குழியின் குருத்தெலும்பை ஒவ்வோர் அசைவிலும் கீறிக்கொண்டே இருக்கும்.

ஆறாவது, காறை எலும்பின் வெளிமுனை முறிந்தவர்களுக்கு, அது தோள்பட்டையோடு சேரும் சிறிய மூட்டில் தேய்மானம் வரலாம். இதில் வலி தோளின் உச்சியில், விரல் வைத்துக் காட்டும்படி ஓரிடத்தில் இருக்கும்.

இவை தவிர, நுண்துளை சிகிச்சையால் மட்டும் தீராத காரணங்களும் உண்டு. எலும்பு கூடாமலேயே நிற்பது, எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் நின்று அது நொறுங்குவது, நரம்பு பாதிப்பு, முன்பு செய்த அறுவை சிகிச்சையில் கிருமித் தொற்று, கழுத்து எலும்பிலிருந்து தோளுக்கு இறங்கும் வலி ஆகியவை அவை. இடது தோள்வலியோடு மூச்சுத் திணறலோ, வியர்வையோ, நெஞ்சில் அழுத்தமோ இருந்தால் எலும்பு டாக்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். அது இதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம்.

காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

எலும்பு கூடி, முறையாகப் பயிற்சி செய்தும் மூன்று மாதத்தில் வலி குறைவதற்கான அறிகுறியே இல்லை என்றால், மீண்டும் எலும்பு மூட்டு நிபுணரைப் பார்ப்பது நல்லது. கையைத் தானாகத் தூக்கவே முடியவில்லை என்றால் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. தோள் சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்றவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

நல்ல டாக்டர் முதலில் ஸ்கேன் எழுதமாட்டார்; கையைப் பிடித்து அசைத்துப் பார்ப்பார். எந்தத் திசையில் போகவில்லை, எங்கே வலிக்கிறது, பலம் எப்படி இருக்கிறது என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். பிறகு வெவ்வேறு கோணங்களில் எக்ஸ்ரே. நாண் கிழிவைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எலும்பு இடம் மாறிக் கூடியிருக்கிறதா, ஸ்குரூ எங்கே நிற்கிறது என்பதைப் பார்க்க சி.டி. ஸ்கேன். தொற்று இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் இரத்தப் பரிசோதனை. சர்க்கரை நோய் இருப்பவர்கள் கடந்த மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையையும் செய்துகொள்ள வேண்டும்.

உள்ளே பிளேட் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். இப்போது வைக்கப்படும் டைட்டானியம் பிளேட்டுகளோடு பொதுவாக எடுக்கலாம். உலோகத்தைச் சுற்றியுள்ள பகுதி மட்டும் படத்தில் தெளிவாகத் தெரியாமல் போகலாம். எதுவானாலும் உள்ளே உலோகம் இருப்பதை ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உடனே அறுவை சிகிச்சையா?

இல்லை. இறுகிப்போன தோளுக்கு முதல் சிகிச்சை முறையான பிசியோதெரபிதான். தேவைப்பட்டால் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதால் கவனம் தேவை. பலருக்கு இந்த அளவிலேயே தோள் இளகிவிடுகிறது.

தோளில் நுண்துளை சிகிச்சை எல்லா வலிக்கும் மருந்து அல்ல என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. பிரிட்டனில் 313 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கூரை எலும்பைச் செதுக்கி இடைவெளியை அகலப்படுத்தும் சிகிச்சையையும், துளையிட்டுப் பார்த்துவிட்டு எதையும் செதுக்காமல் மூடிவிடுவதையும் அது ஒப்பிட்டது. இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதே பிரிட்டனில், இறுகிய தோள் உள்ள 503 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வு 2020-ல் வந்தது. ஊசியுடன் பிசியோதெரபி, மயக்கம் கொடுத்துக் கையை அசைத்துவிடுவது, நுண்துளை வழியாக உறையை வெட்டிவிடுவது ஆகிய மூன்றையும் அது ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் எதுவும் மற்றதை விடத் தெளிவாகச் சிறந்ததாக இல்லை.

இந்த ஆய்வுகள் எலும்பு முறிவுக்குப் பின் வரும் வலியைப் பற்றியவை அல்ல. எனவே அவற்றை அப்படியே நமக்குப் பொருத்திக்கொள்ள முடியாது. இடம் மாறிக் கூடிய எலும்பு, கிழிந்த நாண், மூட்டுக்குள் நீட்டிய ஸ்குரூ ஆகியவை பயிற்சியால் மட்டும் சரியாகிவிடாத கோளாறுகள். ஆனாலும் ஒரு பாடம் பொதுவானது. "தோள் வலிக்கிறது, ஒரு துளை போட்டுப் பார்த்துவிடுவோம்" என்பது சிகிச்சை ஆகாது. துளை போடும் முன்பே எதைச் சரிசெய்யப் போகிறோம் என்பது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

நுண்துளை சிகிச்சை எப்படி நடக்கிறது?

மூட்டுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் யோசனை நூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. 1918-ல் டோக்கியோவில் கென்ஜி தகாகி என்ற மருத்துவர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை ஓர் இறந்த உடலின் முழங்கால் மூட்டுக்குள் செலுத்திப் பார்த்தார். அவருடைய வழியில் வந்த மசாகி வதனபே, 1950-களின் பிற்பகுதியில் நடைமுறைக்கு உகந்த கருவியை உருவாக்கினார். அறுவை சிகிச்சைக் கருவிகளின் வரலாற்றில் முஸ்லிம்களுக்கும் பெரிய பங்குண்டு. பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, 30 பாகங்கள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' என்ற மருத்துவ நூலை எழுதினார். அதன் கடைசிப் பாகம் அறுவை சிகிச்சைக்கானது. எலும்பு முறிவையும் மூட்டு விலகலையும் பற்றித் தனிப் பகுதி அதில் உண்டு. கருவிகளைப் படம் வரைந்தே விளக்கியிருக்கிறார். லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பாடமாக இருந்த நூல் அது.

இன்றைய சிகிச்சையில், பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்கிறார்கள். அதோடு கழுத்தருகே ஊசி போட்டுக் கையை மரத்துப்போகச் செய்வதும் உண்டு. இதனால் கை சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை அசையாமல் இருக்கலாம்; பயப்படத் தேவையில்லை. ஆனால் இந்த ஊசி அந்தப் பக்கத்து மூச்சுத் தசையைத் தற்காலிகமாகப் பாதிக்கும். ஆஸ்துமாவோ வேறு நுரையீரல் நோயோ இருந்தால் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நோயாளியைச் சாய்வு நாற்காலியில் இருப்பது போல உட்கார வைத்தோ, பக்கவாட்டில் படுக்க வைத்தோ சிகிச்சை செய்வார்கள். தோளின் பின்பக்கம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துளை போட்டு, ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் பருமனுள்ள கேமராக் குழாயைச் செலுத்துவார்கள். உப்பு நீரைச் செலுத்தி மூட்டை விரியச் செய்வதால் உள்ளே இருப்பதெல்லாம் திரையில் பெரிதாகத் தெரியும். பிறகு முன்பக்கமும் பக்கவாட்டிலும் தேவைக்கேற்ப இன்னும் சில துளைகள் போட்டு, அவற்றின் வழியாகக் கருவிகளை விடுவார்கள்.

எதைச் செய்வார்கள் என்பது காரணத்தைப் பொறுத்தது. உறை சுருங்கியிருந்தால் அதை வெட்டித் தளர்த்துவார்கள். நாண் கிழிந்திருந்தால், எலும்பில் ஆங்கர் எனப்படும் சிறிய கொக்கிகளைப் பதித்து, அவற்றிலிருந்து வரும் நூலால் நாணை எலும்போடு சேர்த்துத் தைப்பார்கள். எலும்பு மேடு இடித்துக்கொண்டிருந்தால், அதையோ மேலுள்ள கூரையையோ தேவையான அளவு செதுக்குவார்கள். காறை எலும்பின் முனை தேய்ந்திருந்தால் சில மில்லிமீட்டர் நீக்கி இடைவெளி உண்டாக்குவார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்குரூவைக் கேமராவில் பார்த்தபடியே உறுதி செய்து எடுப்பார்கள். இடமாற்றம் மிக அதிகமாக இருந்தாலோ, மூட்டு முழுவதும் தேய்ந்திருந்தாலோ திறந்த அறுவை சிகிச்சையோ மூட்டு மாற்றமோதான் வழி.

சிகிச்சை பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் முடியும். அன்றே அல்லது மறுநாள் வீட்டுக்குப் போகலாம். உப்பு நீரால் தோள் வீங்கித் தெரியும். ஓரிரு நாளில் வடிந்துவிடும். வெட்டு சிறியது என்பதால் தழும்பும் தொற்று அபாயமும் குறைவு. ஆனால் அபாயமே இல்லை என்று சொல்ல முடியாது. தொற்று, நரம்பு பாதிப்பு, மீண்டும் இறுகுவது, தைத்த நாண் மீண்டும் கிழிவது ஆகியவை அரிதாகவோ சில வேளைகளிலோ நடக்கக்கூடியவை. புகை பிடிப்பவர்களுக்கும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் தைத்த நாண் ஒட்டுவது தாமதமாகும். காய்ச்சல், துளையிலிருந்து சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி ஆகியவை இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சிகிச்சையின் மறுபாதி நம் கையில்

துளை சிறியது என்பதால் குணமாவதும் சீக்கிரம் என்று நினைத்துவிடக் கூடாது. தோலில் உள்ள துளை பத்து நாளில் ஆறிவிடும். உள்ளே தைத்த நாண் எலும்போடு ஒட்டுவதற்கு மாதங்கள் ஆகும்.

இங்கே இரண்டு வகையினரைப் பிரித்துப் புரிந்துகொள்வது மிக முக்கியம். உறையைத் தளர்த்தும் சிகிச்சை செய்தவர்கள் முதல் நாளிலிருந்தே கையை அசைக்க வேண்டும். வலிக்குப் பயந்து தொட்டிலில் வைத்திருந்தால் வெட்டிய உறை மறுபடி ஒட்டி இறுகிவிடும். நாண் தைத்தவர்களோ நேர்மாறாக, பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் தொட்டிலில் வைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் தானாகக் கையைத் தூக்கக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அசைவுகள் மட்டும்தான். ஆறு வாரத்துக்குப் பின் மெதுவாகத் தானே தூக்குவது, மூன்று மாதத்துக்குப் பின் பலம் சேர்க்கும் பயிற்சி, கனமான வேலைக்கு நான்கு முதல் ஆறு மாதம் என்று படிப்படியாகப் போகும். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன பயிற்சியைப் பார்த்து நாம் செய்வது ஆபத்து. அவருக்குச் செய்தது வேறு சிகிச்சையாக இருக்கலாம்.

பயிற்சிகள் எளிமையானவை. குனிந்து நின்று கையை ஊஞ்சல் போல ஆட விடுவது, விரல்களால் சுவரில் ஏறுவது, குச்சியை இரு கைகளாலும் பிடித்து நல்ல கையால் மற்றதைத் தூக்குவது, கதவு மேல் கயிறு போட்டு இழுப்பது போன்றவைதான். கடினம் பயிற்சியில் இல்லை. நாள் தவறாமல் மாதக்கணக்கில் செய்வதில் இருக்கிறது. இதற்கு நம்மிடம் ஓர் இயல்பான ஏற்பாடு உண்டு. ஐந்து வேளைத் தொழுகையை ஒட்டிப் பத்துப் பத்து நிமிடம் ஒதுக்கிக்கொண்டால், அலாரம் வைக்காமலே ஒரு நாளைக்கு ஐந்து முறை பயிற்சி நடந்துவிடும்.

தொழுகையே தோளுக்குப் போதுமான பயிற்சி, தனியாக எதுவும் தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். தொழுகை நம் இறைவனுக்கு நாம் செய்யும் வணக்கம். அதன் அசைவுகள் உடலுக்கு நன்மை தருவது உண்மைதான். ஆனால் இறுகிய தோள் இழந்திருக்கும் எல்லாத் திசை அசைவும் அதில் வருவதில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தொழுகையும் சுத்தமும்

தக்பீரின்போது கையை உயர்த்துவது சுன்னத்து. முடிந்த அளவு உயர்த்தினால் போதும். வலியோடு போராட வேண்டியதில்லை. நாண் தைத்தவர்கள் டாக்டர் அனுமதிக்கும் வரை சுஜூதில் அந்தக் கையை ஊன்றி உடல் பாரத்தைப் போடக் கூடாது. ஒரு கையை மட்டும் ஊன்றியோ, அது இயலாவிட்டால் நாற்காலியில் அமர்ந்து சைகையாகவோ தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அந்தச் சலுகையைப் பயன்படுத்துவதில் ஈமானுக்குக் குறைவு ஒன்றும் இல்லை.

ஒளுவில் கையைக் கழுவ வேண்டியது முழங்கை வரைதான் என்பதால் தோளில் உள்ள துளைகளில் பொதுவாகத் தண்ணீர் படாது. டாக்டர் தடுக்காத வரை, தொட்டிலைக் கழற்றிக் கையை உடலோடு ஒட்டித் தொங்கவிட்டபடி, வீட்டார் தண்ணீர் ஊற்றக் கழுவிக்கொள்ளலாம். கடமையான குளிப்பின்போதுதான் கட்டை நனைக்கலாமா என்ற கேள்வி வரும். கட்டின் மீது ஈரக் கையால் மஸஹ் செய்வது, அதோடு தயம்மும் தேவையா என்பதில் மத்ஹபுகளிடையே விளக்க வேறுபாடு இருப்பதால், சிகிச்சைக்கு முன்பே உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பெண்கள் முன்பக்கம் பித்தான் உள்ள தளர்வான உடைகளைத் தயார் செய்துகொள்ள வேண்டும். உடுத்தும்போது சிகிச்சை செய்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். பெண் செவிலியரும் பெண் பிசியோதெரபிஸ்டும் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டால் பல மருத்துவமனைகள் ஏற்பாடு செய்து தருகின்றன. கேட்கத் தயங்கிச் சிகிச்சையையே தள்ளிப்போடுவதுதான் நம் வீட்டுப் பெண்களிடம் அதிகம் நடக்கிறது. வீட்டு ஆண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சம்மதக் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

என் வலிக்கு நீங்கள் கண்டறிந்த காரணம் என்ன? அறுவை சிகிச்சை இல்லாமல் இன்னும் சில வாரம் முயன்றால் இழப்பு ஏதும் உண்டா? உள்ளே போய் என்ன செய்யப் போகிறீர்கள்? எத்தனை ஆங்கர், அதன் விலை என்ன? எத்தனை மாதம் பயிற்சி, எப்போது வண்டி ஓட்டலாம், எப்போது வேலைக்குப் போகலாம்? இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் டாக்டரைத் தேர்ந்தெடுங்கள்.

நமக்கே உரிய ஒரு கேள்வியும் இருக்கிறது. ஆங்கர்கள் பெரும்பாலும் உலோகத்திலோ செயற்கைப் பொருளிலோ செய்யப்படுபவை. ஆனால் பெரிய கிழிசல்களில் சில வேளை வலு சேர்க்க வைக்கப்படும் திசுப் பட்டைகளில் விலங்குகளிடமிருந்து பெறப்படுபவையும் உண்டு. பட்டை வைக்கும் எண்ணம் இருந்தால் அது எதிலிருந்து செய்யப்பட்டது, மாற்று உண்டா என்று முன்பே கேட்டுவிடலாம்.

செலவில் பெரும் பகுதி ஆங்கர் போன்ற பொருட்களுக்கே போகிறது. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. உங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை அதில் அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளையும் மறந்துவிட வேண்டாம்.

வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் சகோதரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 45 நாள் விடுமுறையில் ஊருக்கு வந்து, கல்யாணம் காட்சி எல்லாம் முடித்து, கடைசி இரண்டு வாரத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு விமானம் ஏறுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. நாண் தைத்த கையோடு பெட்டியைத் தூக்கி, அடுத்த வாரமே வேலையில் நின்றால், செய்த சிகிச்சை வீணாகிவிடும். விடுமுறையின் முதல் வாரத்திலேயே டாக்டரைப் பாருங்கள். பயிற்சிக்கு வேண்டிய மாதங்களை முதலாளியிடம் பேசி வாங்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால், வேலை செய்யும் ஊரிலேயே பிசியோதெரபியைத் தொடர வழி இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகு தேதி குறியுங்கள். ஹஜ், உம்ரா நிய்யத்து வைத்திருப்பவர்களும் அந்தக் கூட்டத்தில் தோள் இடிபடும் என்பதை எண்ணிப் பயணத்துக்கும் சிகிச்சைக்கும் இடையே போதிய மாதங்கள் விடுவது நல்லது.

சுருக்கமாகச் சொன்னால், எலும்பு கூடியதோடு தோள் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வலி நீடித்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைக் கண்டறிவதுதான் முதல் வேலை. பலருக்குப் பயிற்சியே போதும். சிலருக்கு நுண்துளை சிகிச்சை வேண்டும். வெகு சிலருக்கு அதற்கும் மேல் வேண்டும். நாம் எந்த வகை என்பதை வலியைச் சகித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதால் தெரிந்துகொள்ள முடியாது. உங்கள் உம்மாவோ வாப்பாவோ தொழுகையில் ஒரு கையை மட்டும் உயர்த்துவதைக் கண்டால், இந்த வாரமே ஒரு டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நோயுற்றிருக்கும் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.